வாசலில் கழற்றிய செருப்புகள்

கூட்டத்தைக் கண்டால் றுகையாவின் இடது தோள் இன்றைக்கும் இலேசாகக் கூசும். அது ஓர் ஊசியின் நினைவு.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த கிழமை. அவளுக்கு அப்போது எட்டு வயது. சாய்ந்தமருதில் வீடு இழந்த குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தன. ஒரு காலையில் மைதானத்தில் நீளமாக ஒரு வரிசை முளைத்தது. முன்னுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பின்னுக்கு நின்ற எவருக்கும் தெரியாது. ஒருத்தி கோழிச் சோறு என்றாள். அவ்வளவுதான், வரிசை முழுவதும் கோழிச் சோறு என்றது. றுகையா ஓடிப் போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். வெயில் ஏறியது. வரிசை ஊர்ந்தது. கிட்டப் போகப் போக ஏலக்காயும் பட்டையும் மணந்தன. முன்னுக்கு வந்ததும் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு நர்ஸ் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி ஊசியைப் போட்டாள்.

அவளுக்கு மூத்தவரான காக்கா அதாவுல்லா அன்றிலிருந்து இந்தக் கதையை விடவேயில்லை. கலியாண வீடு, கந்தூரி, பெருநாள், எங்கே சொந்தம் கூடினாலும் ஒரு தடவை சொல்லிச் சிரிப்பார். "எங்கட தங்கச்சி ஆரு தெரியுமா? கோழிக்கறிக்குப் போய் ஊசி வாங்கிட்டு வந்தவள்!"

றுகையாவும் கூடச் சிரிப்பாள். ஆனால் அவளுக்கு ஊசி வலித்தது ஞாபகமில்லை. அந்த மணம்தான் ஞாபகம். அடுப்பே இல்லாத அந்த மைதானத்தில் ஏலக்காய் மணந்தது சத்தியம். அத்தனை பேர் சேர்ந்து ஒன்றை நம்பினால் காற்றும் நம்பிவிடும் போலிருக்கிறது என்று, வளர்ந்த பிறகு, அடுப்பில் ஆணம் குழம்பாகிக் கொதிக்கிற நேரங்களில் அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் அதிகம் கதைக்கிறவள் அல்ல. நஜீமைக் கலியாணம் முடித்து, அவன் கத்தாருக்கு லொறி ஓட்டப் போன பிறகு, வீட்டிலேயே சமைத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் சோத்துப் பார்சல் அனுப்பினாள். நல்லாய்த்தான் போனது. ஆனாலும் ஒரு குறை. வாழையிலையில் கட்டி, பேப்பரில் சுற்றி, வாசலைத் தாண்டிப் போகிற சோற்றை எந்த முகம் தின்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உப்புக் கூடினால் ஒரு முகம் எப்படிச் சுருங்கும், புளி சரியாய் நின்றால் ஒரு கண் எப்படிப் பாதி மூடும்? அதைப் பார்க்க வேண்டும். கடை திறக்க அவளுக்கு வேறு காரணம் இருந்ததாக யாரும் கேள்விப்படவில்லை.

கல்முனையில் பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற ஒரு சின்ன வீதியில் அதாவுல்லாவுக்கு ஒரு கடை அறை இருந்தது. அவர் மீன் லொறி வைத்திருக்கிற மனிதர். கறாரானவர், கெட்டவர் இல்லை. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள கடையில ஆள் நிறையணும். இல்லாட்டி போன் ரிப்பேர்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இரிக்கான், அவனுக்குக் குடுத்திருவன். பொறகு காக்கா அநியாயம் செஞ்ச எண்டு சொல்லப்படாது."

"சொல்லமாட்டன் காக்கா" என்றாள்.

நஜீம் லீவில் வந்திருந்த மாதத்தில் தானே குந்தியிருந்து தரைக்கு மாபிள் பதித்துக் கொடுத்தான். வெளிர் நீலம், கரையோரத்துத் தண்ணீரின் நிறம். அதில் ஒருவர் செருப்போடு ஏறுவதை றுகையாவால் பார்க்க முடியவில்லை. வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வைத்தாள். முன்னறையில் நாலு மேசை. திரைக்குப் பின்னால் பாய் விரித்த ஓர் உள்ளறை. அதற்கும் பின்னால் குசினி. அங்கே தேங்காய் துருவவும் வாயடிக்கவும் பக்கத்து வீட்டுச் சரீபா ராத்தா இருந்தாள்.

அதாவுல்லா வாசலில் நின்று தரையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். "இது ஹோட்டலா, தொழுற பள்ளியா? வாசல்ல கை கால் கழுவி ஒளுச் செய்யத் தொட்டியும் கட்டுறதுதானே!"

சமையல் முடிந்து ஆவி அடங்குகிற நேரத்தில் றுகையா யன்னலோரக் கதிரையில் வந்து உட்காருவாள். முகத்தில் நெருப்பின் சூடு மிச்சமிருக்கும். கண் சொருகும். அந்தப் பாதித் தூக்கத்தில் வீதி கடலாகிவிடும். பஸ்கள் தூரத்தில் வருகிற வள்ளங்கள். ஆட்டோக்கள் நண்டுகள் மாதிரிப் பக்கவாட்டில் ஓடும். மனிதர்கள் சூடை மீன் கூட்டம். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும். ஏன் திரும்பியது என்று முதல் மீனுக்கும் தெரியாது.

எதிரே ஒரு ஹோட்டல். நல்ல ஹோட்டல்தான், குறை சொல்ல முடியாது. மத்தியானமானால் அங்கே கதிரைக்குப் பின்னால் கதிரை, முதுகுக்குப் பின்னால் முதுகு. பஸ்ஸால் இறங்கி ஒருவன் பசியோடு வருவான். றுகையாவின் பக்கம் வந்ததும் மீன் ஆணத்தின் மணம் அவன் மூக்கைப் பிடித்து நிறுத்தும். எட்டிப் பார்ப்பான். நாலு மேசையும் வெறுமையாகக் கிடக்கும். தூக்கிய கால் தூக்கியபடி நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். இறங்கிய கால் எதிர்க்கடைக்கு நடக்கும். அங்கே இருக்க இடமில்லாமல் பீங்கானைக் கையில் வைத்துக்கொண்டு நின்று தின்பான்.

"நிண்டு தின்னுறான் பாரு புள்ள" என்பாள் சரீபா ராத்தா. "இஞ்ச கதிரை நாலு பக்கமும் வா வா எண்டு கூப்பிடுது. அங்க போய்க் கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கான்."

"ஆளில்லாத கடையில மீன் எப்ப வாங்கினதோ எண்டு யோசிப்பாங்க ராத்தா."

"காலையில துடிச்ச மீன்!"

"அது மீனுக்கும் நமக்கும்தானே தெரியும்."

அவர்களைக் குற்றம் சொல்ல றுகையாவுக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் சந்தையில் இரண்டு கத்தரிக்காய்க் குவியல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே தோட்டத்துக் காய். ஒன்றைச் சுற்றிப் பெண்கள் மொய்த்தார்கள், மற்றதில் ஈ மொய்த்தது. அவளும் போய் மொய்த்த பக்கத்தில்தான் முண்டியடித்து வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோள் கூசியது.

ஆனால் அவளுக்கு யாருமே வரவில்லை என்று சொல்ல முடியாது. புதன்கிழமைகளில் கனகேஸ்வரி வந்தாள்.

கனகேஸ்வரி தம்பிலுவில்காரி. வயல் வேலை செய்து வைரம் பாய்ந்த உடம்பு, இப்போது அதில் சீனி வருத்தம். கிளினிக்குக்கு விடிய எழும்பி, வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து, இரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி வீதியில் நடந்து வருவாள். முதல் தடவை வந்தபோது வாசலில் நின்று கேட்டாள்.

"உள்ளுக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லையாகா?"

றுகையாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "இல்ல அக்கா. நீங்க வாங்களன்."

"அப்ப நல்லம்" என்று கனகேஸ்வரி செருப்பைக் கழற்றினாள்.

அந்த 'நல்ல'த்தை றுகையா அன்று காதில் மட்டும்தான் வாங்கினாள். கனகேஸ்வரி நீல மாபிளில் காலை வைத்ததும் "ஆ" என்றாள், வயல் வரம்பிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கினவள் போல. மேசையில் இருக்கவில்லை. திரையை விலக்கி உள்ளறைப் பாயில் காலை நீட்டி இருந்துகொண்டாள். குரக்கன் பிட்டும், பொன்னாங்காணிச் சுண்டலும், பாரை மீன் ஆணமும். முதல் கவளத்தில் கண்ணை மூடினாள். தின்று முடித்துச் சுவரில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம். றுகையா கதவு நிலையில் சாய்ந்து நின்று, ஒரு முகம் பசியிலிருந்து பசியாறுதலுக்குப் போகிற வழி முழுவதையும் பார்த்தாள். கத்தாரிலிருந்து நஜீம் அன்று பேசியபோது, "இண்டைக்கு ஒரு ஆள் திண்டிச்சி" என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் இருந்த சந்தோசத்துக்கு நூறு பேர் தின்றார்களோ என்று அவன் நினைத்திருப்பான்.

அடுத்தடுத்த புதன்களில் கனகேஸ்வரி கிளினிக்கில் கூட இருக்கிற பெண்கள் சிலரையும் அழைத்து வந்தாள். எல்லோரும் பாயில்தான் இருந்தார்கள். லொறியில் வீதியைத் தாண்டுகிற அதாவுல்லாவின் கண்ணுக்கு யன்னல் வழியே தெரிந்ததெல்லாம் அதே நாலு வெறும் மேசைகள்.

பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இஞ்ச பாரு. கூட்டம் தானா வராது. கூட்டத்த நட்டு வைக்கணும். குளத்துல மரக்கொப்பு வெட்டிப் போட்டா மீன் வந்து அடையுதா இல்லையா?"

"அடையும்."

"நாளைக்கு நான் கொப்பு வெட்டிப் போடுறன்."

மறுநாள் மத்தியானம் அவருடைய லொறிக்காரர்களும் மீன் ஏற்றுகிற ஆட்களும் வந்து இறங்கினார்கள். வாசல் மறைய மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பெரிய பெரிய செருப்புகள் ஒன்றின் மேலொன்று ஏறிக் கிடந்தன, மண்ணும் மீன் செதிலும் அப்பியபடி. நாலு மேசையும் நிறைந்து சிரிப்பும் சத்தமும் வீதிக்கு வழிந்தன. றுகையா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். பரிமாறச் சரீபா ராத்தா போனாள்.

"டேய், மெதுவாத் தின்னுடா. முடிச்சா எழும்பணும்."

"காக்கா சொன்னாரு, வேற ஆள் வாற வரைக்கும் முடிக்கப்படாதாம்."

"எனக்கு விரல்ல ஆணம் காய்ஞ்சி போச்சி மச்சான்!"

"அப்ப இன்னொரு அகப்பை வாங்கு. காக்காட கணக்குத்தானே."

கொப்பில் மீன் அடைந்தது. வீதியில் போன ஒருவன் கால் தயங்கினான். எட்டிப் பார்த்தான். மேசையெல்லாம் முதுகுகள். கால் இந்தத் தடவை உள்ளே வந்தது. அவனைப் பார்த்து இன்னொருவன். அவனைப் பார்த்து அடுத்தவன். ஒரு கிழமை கழிவதற்குள் லொறிக்காரர்கள் வந்தாலும் இடமில்லை என்கிற நிலை வந்துவிட்டது. எதிர்க்கடையில் இடம் கிடைக்காதவர்களும் இந்தப் பக்கம் வந்தார்கள். "இஞ்ச பாரை ஆணம் பேராம்" என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னது திரைக்குள் கேட்டது. அதே பாரை, அதே புளி, அதே சட்டி. போன மாதம் முழுக்கச் சரீபா ராத்தாவின் பூனை தின்றது. றுகையாவின் தோள் கூசியது.

"பாத்தியா?" அதாவுல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இப்பிடியே பெருநாள் வரைக்கும் நிக்கட்டும். கடை ஒனக்குத்தான். போன்காரன் போய்க் கடல்ல குதிக்கட்டும்."

சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். கேட்டது கிடைத்திருக்கிறது. ஆனால் யன்னலோரக் கதிரையில் இப்போது ஓர் ஆட்டோக்காரர் இருந்தார். திரை இடுக்கால் பார்த்தால் முழங்கைகளும் முதுகுகளும் தெரிந்தன. ஒரு முகம் தெரியவில்லை. சட்டியிலிருந்து எடுத்த சோறு திரையைத் தாண்டிப் போயிற்று, வெறும் பீங்கான் திரும்பி வந்தது. பார்சல் கட்டின காலமும் இப்படித்தான் இருந்தது. அப்போதாவது வீடு அமைதியாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை குசினியின் பக்க யன்னலால் அவள் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி வந்தாள், முழங்கையில் பஞ்சோடு. பின்னால் அவளுடைய கிளினிக் பெண்கள். வாசலுக்கு வந்தவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். எதையோ தவற விட்டவள் தேடுவது போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்த வழியே கிறுகிப் போய்விட்டாள். மற்றப் பெண்களும் கிறுகினார்கள். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும்.

கூப்பிடவேண்டும் என்று றுகையா திரை வரைக்கும் ஓடினாள். நாலு மேசை ஆண்களுக்கு நடுவால் குரலை எறிய அவளால் முடியவில்லை. அடுத்த புதன் அவர்கள் அந்த வீதிப் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வாங்கு சொல்வதற்கு முன்பே கல்முனையில் ஆண்கள் வடியத் தொடங்குவார்கள். கை கழுவுகிற சத்தம், மோட்டார் சைக்கிள்கள் கிளம்புகிற சத்தம், பிறகு ஷட்டர்கள். ஒன்று இழுபட்டால் அடுத்தது இழுபடும், வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தகர அலை ஒன்று ஓடிப் போகிற மாதிரி. றுகையாவும் ஒவ்வொரு வெள்ளியும் இழுத்தாள். அவளை இழுக்கச் சொன்னது யார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எல்லோரும் இழுத்தார்கள், அவளும் இழுத்தாள்.

அன்றைக்குப் பாதி இழுத்த ஷட்டரைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

வீதி வெறுமையாகிவிட்டது. வெயில் மட்டும் நடுவில் நின்றது. பள்ளிவாசல்களிலிருந்து குத்பாப் பிரசங்கத்தின் குரல் ஒலிபெருக்கியில் தொலைவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்துகொண்டிருந்தது. அந்த வெறுமைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்கள் தெரிந்தார்கள். கூட்டத்தில் எப்போதும் கண்ணில் படாதவர்கள். விற்பனைக்கு மருதமுனைச் சாறிக் கட்டைச் சுமந்தபடி ஒருத்தி பூட்டிய கடை நிழலில் நின்றாள். கைப்பிள்ளையோடு ஒருத்தி வாகை மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். குடை பிடித்த ஒரு பள்ளிக்கூட ரீச்சர் மூடிய ஷட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடல் வற்றினால் அடியில் கிடக்கிற சிப்பிகள் தெரியுமே, அப்படி.

எதிர்க்கடைப் படிக்கட்டில் கனகேஸ்வரி இருந்தாள், மடியில் ஒரு காய்ந்த பேக்கரிப் பணிஸோடு.

றுகையா செருப்புப் போட மறந்து வீதியைக் கடந்தாள். தார் சுட்டது.

"அக்கா, என்ன இஞ்ச இரிக்கீங்க?"

"ரிப்போட் எடுக்க வந்தன் புள்ள. பஸ் இன்னும் இல்ல." கனகேஸ்வரி பணிஸைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள், களவெடுத்தவள் மாதிரி.

"எங்கட கடைக்கு ஏன் வரல்ல? நான் ஏதும் பிழையாக் கதைச்சனா?"

"சீச்சீ. நீ கதைக்கிறதே இல்லையே, பொறகு எங்க பிழையாக் கதைக்கிற!" அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை இறக்கி வைத்தாள். "வந்தன்கா. வாசல்ல செருப்பப் பாத்தன். எல்லாம் ஆம்புளைச் செருப்பு, தோணி தோணியா. வெறுவயித்தோட ரத்தம் குடுத்திட்டு வாற நாங்க, இடிச்சி நெரிச்சி அவங்களுக்குள்ளால போய், எங்ககா காலை நீட்டுற? உன்ர கடையில ஆள் இல்லையெண்டுதானே நாங்க வந்த."

றுகையாவுக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. உள்ளுக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லையாகா? அப்ப நல்லம். எல்லோரையும் துரத்தியது எதுவென்று அவள் நினைத்திருந்தாளோ, அதுவே இந்தப் பெண்களை அழைத்து வந்திருக்கிறது.

"எழும்புங்க" என்றாள்.

"ஜும்ஆ நேரமெல்லோ? பூட்டியிருக்கே."

"எழும்புங்க அக்கா."

ஷட்டரைத் தலைக்கு மேலே தள்ளினாள். அந்த அமைதியில் அதன் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது போலிருந்தது. சரீபா ராத்தா குசினியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன புள்ள செய்யுறாய்? ஜும்ஆ நேரத்துல கடையத் திறந்தா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"சொல்ற ஆக்களெல்லாம் பள்ளியில ராத்தா. நமக்கு ஜும்ஆ கடமையா? பொம்புளைக்குப் பொம்புளை சோறு குடுக்கிறதுக்கு என்ன?"

சரீபா ராத்தா வீதியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க தங்கச்சி, என்ன போட?" என்று கனகேஸ்வரியைக் கேட்டாள்.

"இண்டைக்கு வெள்ளி. மீன் மச்சம் தின்ன ஒண்ணா."

"கத்தரிக்காப் பால்கறி இரிக்கி, பருப்பு இரிக்கி, சுண்டல் இரிக்கி. மீன் அகப்பை படாத சட்டி, பயப்படாதீங்க."

வாசலில் ஒரு சோடிச் செருப்புக் கிடந்தது. வார் தைத்த, குதி தேய்ந்த, ஒரு வயல்காரியின் செருப்பு. சாறிக் கட்டுக்காரி வந்தாள். குனிந்து அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து உள்ளே பார்த்தாள். தன்னுடையதை அதன் பக்கத்தில் கழற்றினாள். கைப்பிள்ளைக்காரி வந்தாள், அவளும் குனிந்து பார்த்தாள். ரீச்சர் குடையை மடக்கினாள். ஒவ்வொருத்தியும் முதலில் நிலத்தைத்தான் பார்த்தாள் என்பதை றுகையா யன்னலோரக் கதிரையிலிருந்து கண்டாள். அந்தக் கதிரை அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. ஒரு கடைக்குள் நம்பி நுழையலாமா என்று பெண்கள் பார்க்கிற இடம் மேசையோ சட்டியோ அல்ல, வாசல் நிலம் என்பது இத்தனை நாளாக அவளுக்கே தோன்றவில்லையே! அவளும் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கேதானே முதலில் பார்ப்பாள்.

பாய் நிறைந்தது. மேசைகளும் நிறைந்தன. குத்பா முடிந்து தொழுகையின் அமைதி ஊர் மேல் இறங்கியது. அதற்குள் பீங்கான்களின் மெல்லிய சத்தம். குழந்தை தாயின் மடியில் பருப்புச் சோறு தின்றது. ரீச்சரின் நெற்றிச் சுருக்கம் சொதிக்குப் பிறகு அவிழ்ந்தது. சாறிக்காரி சம்பலின் உறைப்பில் உதட்டை ஊதிக்கொண்டே இன்னும் கேட்டாள். முகங்கள், முகங்கள். நீலத் தரையில் அத்தனை வெறுங்கால்களும் அலை தொட்ட கால்கள் போல ஓய்வாகக் கிடந்தன. இது கனவென்றால் யாரும் தோளைத் தட்டி எழுப்பக் கூடாது என்று அவள் நினைத்தாள்.

ஜும்ஆ கலைந்தது. வீதியில் வெள்ளை உடுப்புகள் பொங்கின. லொறிக்காரர்கள் தொப்பியை மடித்துப் பையில் வைத்தபடி பசியோடு வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் முதல் ஆளின் கால் தூக்கியபடி நின்றது.

"என்னடா?"

"செருப்பப் பாரு. முழுக்கப் பொம்புளைகள்டா."

"அப்ப போவமா?"

"நீ போ. ஒன்ட மதினியும் உள்ளுக்கு இருந்தா என்ன செய்வாய்?"

அவன் பின்னுக்கு வந்தான். எல்லோரும் வீதியின் மறுபக்கத்துக்குப் போய், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். அந்த நேரத்தில்தான் அதாவுல்லா வந்து சேர்ந்தார். தன் கொப்பெல்லாம் கரையில் கிடப்பதைக் கண்டார்.

"றுகையா!" வாசலில் நின்று கூப்பிட்டார். "ஆக்கள் வெளியில நிக்காங்க."

அவள் எழும்பி வந்தாள். "இடமில்ல காக்கா."

"எப்ப இடம் வரும்?"

"ஆம்புளையளுக்கு இனிப் பார்சல்தான். பின் ஒழுங்கையால குசினிக்கு வந்து வாங்கட்டும். உள்ளுக்கு இருக்கிறது இவங்க."

"ஒனக்கு விசரா? வந்த கூட்டத்தக் கலைக்கிறாய். பெருநாளைக்கு என்ன இரிக்கி? நான் என்ன சொன்ன?"

"ஆள் நிறையணும் எண்டீங்க." வாசலைக் காட்டினாள். கடை இத்தோடு போகுமென்றால் போகட்டும். ஆனால் இந்த ஒரு மத்தியானத்தை யாரும் திருப்பி எடுக்க முடியாது என்று நினைத்தாள்.

உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் கதைப்பது என்று அதாவுல்லா ஒரு செருப்பைக் கழற்றினார். தடித்த, கறுத்த, ஒரு வள்ளத்தின் அளவுச் செருப்பு. பெண்களின் செருப்புகளுக்கு நடுவில் அது விழுந்தது. அதே நேரம் வயிறு தள்ளிய ஒரு பிள்ளைத்தாய்ச்சி, ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வெயிலில் மெல்ல மெல்ல நடந்து வந்து வாசலில் நின்றாள். குனிந்தாள். அவள் கண் அந்தக் கறுப்புச் செருப்பில் முட்டியது. முகம் சுருங்கியது. பசியை விழுங்கிக்கொண்டு கிறுகத் தொடங்கினாள்.

அதாவுல்லா அதைக் கண்டார். பக்கத்திலிருந்து முழுவதையும் கண்டார். ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து தன் செருப்பைப் பொறுக்கினார். மற்றதையும் கழற்றினார். இரண்டையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போ மவள், உள்ளுக்குப் போ. ஆம்புளைகள் இல்ல" என்றார். சுடு தாரில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிப் பின் ஒழுங்கைக்கு ஓடினார். எதிர்ப்பக்கத்தில் லொறிக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும் பாடு.

குசினிப் படியில் இருந்து அவர் தின்றார். சரீபா ராத்தா போட்ட சோறு, பாரை ஆணம். றுகையா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். காக்கா தின்னும்போது முகம் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு இதுவரை தெரியாது. அவருக்கும் முதல் கவளத்தில் கண் பாதி மூடியது.

"கோழிக்கறிக்குப் போய் ஊசி வாங்கினவள்..." என்று பழக்கத்தில் தொடங்கினார். தொடரவில்லை. விரலை வழித்துக்கொண்டார்.

"போன்காரனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லணும்" என்றார் கடைசியில், சட்டியைப் பார்த்துக்கொண்டு. "ஆணத்துக்குப் புளி கொஞ்சம் காணாது."

"புளி சரி" என்றாள் சரீபா ராத்தா. "ஒங்கட நாக்குத்தான் காணாது."

பெருநாள் வந்து போயிற்று. சாவி றுகையாவிடமே இருந்தது. புதன்கிழமைக் காலைகளில் அவள் யன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், முகத்தில் அடுப்பின் சூடு, கண்ணில் பாதித் தூக்கம். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வீதியோர நிழலில் வருவார்கள். முன்னுக்குக் கனகேஸ்வரி. ஒவ்வொருத்தியும் முழங்கையை மடித்துப் பஞ்சை அமுக்கிப் பிடித்திருப்பாள். தூரத்திலிருந்து பார்க்க அது ஒரு வரிசை. பள்ளிக்கூட மைதானத்தில் தட்டோடு நின்ற அந்த வரிசைதான் இத்தனை வருடம் நடந்து நடந்து, ஊசியைத் தாண்டி, இப்போதுதான் வந்து சேர்கிறதோ என்று அவளுக்குத் தோன்றும். தோள் இலேசாகக் கூசும். குசினியில் ஏலக்காய் மணக்கும்.

வாசலில் முதல் செருப்புக் கழலும். அவள் தட்டை எடுக்க எழும்புவாள்.